18 வயதில் வாக்குரிமை வந்துவிட்டது; வகுப்பறை இன்னும் தயாராகவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளைஞர்களுக்கு அரசியலில் அக்கறையே இல்லை என்ற புலம்பல் ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் நம் மேடைகளிலும் நாளேடுகளிலும் தவறாமல் எழுகிறது. மலேசியாவின் பேரா மாநிலத்து இடைநிலைப்பள்ளிகளில் பல்லாண்டுகள் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். நம் நாட்டில் ஆசிரியர்கள் பலருக்கும் வருவதுபோல எனக்கும் தேர்தல் பணி வந்தது. வாக்களிப்பு மையத்தில் அதிகாரியாக அமர்ந்திருக்கிறேன். இந்த இரண்டு அனுபவங்களையும் வைத்துப் பார்க்கும்போது அந்தப் புலம்பலை என்னால் ஏற்க முடியவில்லை. அக்கறை நிறையவே இருக்கிறது. நாட்டின் ஆட்சி எப்படி அமைகிறது, எந்த அதிகாரம் யார் கையில் இருக்கிறது, ஒரு குடிமகன் எங்கே போய் என்ன கேட்கலாம் என்பதைப் பள்ளியை விட்டு வெளியேறுவதற்குள் தெளிவாகச் சொல்லித்தராமல் இருப்பது பெரியவர்களாகிய நாம்தான்.

18 வயது வாக்குரிமை எப்படி வந்தது என்பதே பலருக்கு மறந்துவிட்டது. 2019 ஜூலை 16 அன்று மக்களவையில் அந்த அரசியலமைப்புத் திருத்தத்தை ஆதரித்து 211 உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை. வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18 ஆனது, வேட்பாளராக நிற்கும் வயதும் 18 ஆனது, வாக்காளர் பதிவு தானாகவே நடைபெறும் என்றும் முடிவானது. ஆனால் 2021 மார்ச்சில், அடுத்த ஆண்டு செப்டம்பருக்குப் பிறகுதான் இதை நடைமுறைப்படுத்த முடியும் என்று தேர்தல் ஆணையம் அறிவித்தது. சரவாக் இளைஞர்கள் சிலர் நீதிமன்றத்தை நாடினார்கள். 2021 டிசம்பர் 31க்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று கூச்சிங் உயர்நீதிமன்றம் அவ்வாண்டு செப்டம்பர் 3 அன்று உத்தரவிட்டது. டிசம்பர் 15 அன்று திருத்தம் நடப்புக்கு வந்தது. நாடாளுமன்றம் கொடுத்த உரிமையை இளைஞர்களே வழக்காடி வாங்கியிருக்கிறார்கள். அக்கறையற்ற தலைமுறை என்று இவர்களையா சொல்கிறோம்?

14ஆவது பொதுத்தேர்தலில் ஏறத்தாழ 14.9 மில்லியனாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 15ஆவது பொதுத்தேர்தலில் 21.1 மில்லியனைத் தாண்டியது. தானியங்கிப் பதிவு நல்ல சீர்திருத்தம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அது வந்தபோது சத்தமில்லாமல் ஒன்று போய்விட்டது. முன்பு 21 வயதானவர் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு அஞ்சலகத்துக்குப் போய்ப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. அப்போது தன் நாடாளுமன்றத் தொகுதி எது, சட்டமன்றத் தொகுதி எது என்று ஒருமுறையாவது கேட்டுத் தெரிந்துகொண்டார். இப்போது பெயர் தானாக ஏறிவிடுகிறது, அதுவும் அடையாள அட்டையில் உள்ள முகவரிப்படி. சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்து ஷா ஆலாமில் வேலை செய்யும் பிள்ளைக்குத் தான் எந்தத் தொகுதியின் வாக்காளர் என்பது தேர்தல் வாரத்தில் கைப்பேசியில் தேடும்போதுதான் தெரியவருகிறது. பதிவு அலுவலகம் சொல்லித்தந்த அந்தச் சிறு பாடத்தை இனிப் பள்ளிக்கூடம்தான் சொல்லித்தர வேண்டும்.

2022 நவம்பர் 19 அன்று பேரா, பகாங், பெர்லிஸ் ஆகிய மூன்று மாநிலங்களில் நாடாளுமன்றத் தேர்தலும் சட்டமன்றத் தேர்தலும் ஒரே நாளில் நடந்தன. நம் வாக்களிப்பு மையங்களில் வாக்காளர்களை வயது வாரியாக 'சாலுரான்'களாக, அதாவது தனித்தனி வாக்களிப்பு அறைகளாக, பிரிப்பது உங்கள் வாசகர்களுக்குத் தெரிந்ததே. முதல் அறையில் முதியவர்கள், கடைசி அறையில் இளைஞர்கள். அந்தக் கடைசி அறையில், முதன்முறையாக வாக்களிக்க வந்த பிள்ளைகளின் கையில் இரண்டு வாக்குச்சீட்டுகளைக் கொடுத்தபோது, "ஏன் இரண்டு?" என்ற கேள்வி பல முகங்களில் தெரிந்தது; சிலர் வாய்விட்டே கேட்டார்கள். மலாய்ப் பிள்ளைகளும் கேட்டார்கள், சீனப் பிள்ளைகளும் கேட்டார்கள், நம் பிள்ளைகளும் கேட்டார்கள். ஒன்று மத்திய அரசுக்கு, மற்றொன்று மாநில அரசுக்கு என்று ஒரு வரியில் விளக்க மட்டுமே பணியில் இருக்கும் அதிகாரிக்கு நேரம் இருக்கும். எந்த அரசு பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறது, எந்த அரசு நிலத்தைப் பார்த்துக்கொள்கிறது என்பதை அந்த வரிசையில் நின்று விளக்க முடியாது. தமிழ்ப்பள்ளிக்கு நிலம் கேட்டு ஓடும்போது மாநில அரசிடமும், ஆசிரியர் பற்றாக்குறைக்குக் கல்வி அமைச்சிடமும் போக வேண்டும் என்ற அடிப்படை கூடத் தெரியாமல் வாக்களித்தால், பிறகு யாரைப் பொறுப்பாக்குவது?

தேர்தல் முடிந்த பின்பு குழப்பம் இன்னும் கூடியது. ஆட்சியமைக்கத் தேவையான 112 இடங்கள் எந்தக் கூட்டணிக்கும் கிடைக்கவில்லை. ஐந்து நாள் இழுபறிக்குப் பிறகு நவம்பர் 24 அன்று டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் பிரதமராகப் பதவியேற்றார். அந்த நாள்களில் என் முன்னாள் மாணவர்கள் பலர் வாட்ஸ்அப்பில் கேட்டது ஒரே கேள்விதான்: "டீச்சர், நாங்க ஓட்டுப் போட்டுட்டோம், அப்புறம் ஏன் அரண்மனையில முடிவு பண்றாங்க?" பிரதமரைத் தாங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதாகவே அவர்களில் பெரும்பாலோர் எண்ணியிருந்தார்கள். மக்களவையில் பெரும்பான்மை உறுப்பினர்களின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று தாம் கருதும் உறுப்பினரை மாமன்னர் நியமிக்கிறார் என்று அரசியலமைப்பின் 43ஆவது பிரிவு சொல்வதையும், அந்த நியமனம் மாமன்னர் தம் விருப்புரிமையைப் பயன்படுத்தக்கூடிய ஒன்று என்று 40ஆவது பிரிவு சொல்வதையும் விளக்கியபோது, "இதை ஏன் ஸ்கூல்ல சொல்லல?" என்று அவர்கள் கேட்டார்கள்.

அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 2018 மே முதல் 2022 நவம்பர் வரை நாடு நான்கு பிரதமர்களைக் கண்டது. இடையில் இரண்டு முறை பொதுத்தேர்தல் இல்லாமலேயே ஆட்சித் தலைமை மாறியது. பேராவில் வளர்ந்த பிள்ளைக்கு இது மேலும் நெருங்கிய விஷயம். 2009இல் மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் அணி மாறியதால் இங்கே மாநில அரசு கவிழ்ந்தது; சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு நடக்காமலேயே பெரும்பான்மை போய்விட்டதாக முடிவு செய்யலாமா என்ற வழக்கு கூட்டரசு நீதிமன்றம்வரை சென்று, செய்யலாம் என்று 2010இல் தீர்ப்பானது. பதினோராண்டுகள் கழித்து, 2020 டிசம்பரில், அதே சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்து ஒரு மந்திரி பெசார் (மாநில அரசின் தலைவர்) தோற்றுப் பதவி இழந்தார். ஒரே மாநிலத்தில், ஒரு தலைமுறைக்குள், ஆட்சி மாறும் இரண்டு வழிகளும் கண்முன்னே நடந்திருக்கின்றன. நாடாளுமன்ற மக்களாட்சியைக் கற்பிக்க இதைவிட நல்ல பாடப்பொருள் ஓர் ஆசிரியருக்குக் கிடைக்குமா? 2022 அக்டோபர் 5 அன்று நடப்புக்கு வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தையும் இதனோடு சேர்த்துப் படித்தால், கட்சி விட்டுக் கட்சி போகிறவர் தொகுதியை இழக்கிறார், கட்சியால் நீக்கப்பட்டவரோ இழப்பதில்லை என்ற வேறுபாடு ஏன் வைக்கப்பட்டது என்று இடைநிலைப்பள்ளியின் ஐந்தாம் ஆண்டான ஐந்தாம் படிவ மாணவர்கள் மணிக்கணக்கில் விவாதிப்பார்கள்.

ஆனால் அந்த விவாதம் நடப்பதில்லை. பாடநூலில் இல்லாததனால் அல்ல. ஐந்தாம் படிவ வரலாற்று நூலில் அரசியலமைப்பு, அரசியலமைப்புக்கு உட்பட்ட மன்னராட்சி, கூட்டரசு முறை எல்லாம் அத்தியாயங்களாகவே இருக்கின்றன. வரலாறு 2013 முதல் ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் கட்டாயம் தேர்ச்சி பெற வேண்டிய பாடமும் ஆகும். பிள்ளைகள் 'கூட்டரசின் கூறுகள் நான்கு' என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறார்கள். நேற்றைய செய்தித்தாளில் வந்த ஒரு நிகழ்வை அந்த நான்கில் எதனோடும் பொருத்திப் பார்க்க அவர்களுக்குத் தெரிவதில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. அரசு ஊழியர் அரசியல் பேசக்கூடாது என்ற அச்சம் ஆசிரியர் அறைகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஒரு கட்சியை ஆதரித்துப் பேசுவதற்கும், ஓர் ஆட்சி எப்படி மாறியது என்று விளக்குவதற்கும் இடையிலான கோடு எங்கே என்று எழுத்தில் யாரும் சொல்லித்தராததால், கோட்டுக்கு மிகவும் இப்பாலேயே நின்றுவிடுவது பாதுகாப்பு என்று நல்ல ஆசிரியர்களும் முடிவு செய்கிறார்கள்.

குடியியல் கல்வியின் கதை இதைவிடச் சோர்வளிப்பது. 2005இல் தனிப் பாடமாக அறிமுகமானது; தேர்வு இல்லாத பாடம் என்பதால் பல பள்ளிகளில் கணக்குக்கும் அறிவியலுக்கும் நேரத்தைத் தானம் செய்யும் பாடமாக ஆனது; பின்னர் தனிப் பாடமாக இல்லாமலே போனது. 2019 ஜூனில் திரும்ப வந்தபோது, மாதத்தில் ஒரு மணி நேரம், மலாய், ஆங்கிலம், வரலாறு, நன்னெறிக் கல்வி, இஸ்லாமியக் கல்வி ஆகிய பாடங்களுக்குள் கலந்து கற்பிக்கும் ஏற்பாடாக வந்தது. அன்பு, மதிப்பு, பொறுப்பு, மகிழ்ச்சி என்ற நான்கு பண்புகளே அதன் தூண்கள். பண்புகள் தேவை, மறுக்கவில்லை. ஆனால் அன்பும் மகிழ்ச்சியும் உள்ள பிள்ளைக்கும் தன் நகராண்மைக் கழக உறுப்பினரை யார் நியமிக்கிறார் என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. நன்னெறிக் கல்வி நேரம் வந்ததும் முஸ்லிம் மாணவர்கள் ஓர் அறைக்கும் மற்றவர்கள் வேறோர் அறைக்கும் போகிறார்கள். சமய போதனைக்கு அது சரியான ஏற்பாடு. ஒன்றாக வாழ்வது எப்படி என்ற பாடத்தையும் அந்தப் பிரிவினைக்குள்ளேயே வைத்துக் கற்பித்தால், ஒருவரைப் பற்றி மற்றவர் இல்லாத அறையில் பேசும் பழக்கத்தைத்தானே வளர்க்கிறோம்? தமிழ்ப்பள்ளியிலும் சீனப்பள்ளியிலும் தேசியப் பள்ளியிலும் தனித்தனியாகத் தொடங்கிய பிள்ளைகள் பெரும்பாலும் இடைநிலைப்பள்ளியில்தான் முதன்முதலில் ஒரே மேசையில் அமர்கிறார்கள். எஸ்பிஎம் முடிந்ததும் பலர் நேராக வேலைக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஐந்தாண்டுகளைத் தவறவிட்டால் வேறு வாய்ப்பு அவர்களுக்கு வராது.

ஒரு நல்ல அனுபவத்தையும் சொல்ல வேண்டும். நான் கற்பித்த ஒரு பள்ளியின் முன்சாலையில் பாதசாரிகள் கடக்கும் கோடு அழிந்துபோயிருந்தது. ஐந்தாம் படிவ வகுப்பில் மூன்று இனப் பிள்ளைகளும் கலந்த குழுவிடம், அந்தக் கோட்டைப் போடும் பொறுப்பு யாருடையது என்று கண்டுபிடித்துக் கடிதம் எழுதுமாறு சொன்னேன். நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதினால் போதும் என்றே முதலில் எல்லாரும் நினைத்தார்கள். விசாரிக்க விசாரிக்க, சாலை மத்திய அரசுடையதா, மாநில அரசுடையதா, நகராண்மைக் கழகத்துடையதா என்பதே தெளிவில்லாமல் போனது. அதைத் தேடும்போதுதான், கழக உறுப்பினர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை, மாநில அரசால் நியமிக்கப்படுகிறார்கள் என்று அறிந்து வியந்தார்கள். 1951இலேயே ஜார்ஜ் டவுனில் நகராட்சித் தேர்தல் நடந்ததையும், 1965இல் இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டதையும், 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தோடு அவை அடியோடு இல்லாமல் போனதையும் நான் சொன்னபோது, அந்த வகுப்பில் ஒருவரும் தூங்கவில்லை. கடிதத்தை மலாயில் எழுதினார்கள். மலாய் மாணவி ஒருத்தி நடையைத் திருத்தினாள், நம் பையன் ஒருவன் சாலையை அளந்து வரைபடம் போட்டான், சீன மாணவர்கள் சாலையோரக் கடைக்காரர்களின் கையெழுத்தை வாங்கி வந்தார்கள். கடிதம் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டதாகப் பதில் வந்தது. அவர்கள் எஸ்பிஎம் எழுதி வெளியேறும்வரை கோடு போடப்படவில்லை. ஆனால் அந்தக் குழுவில் இருந்தவர்களில் எவரும் பிற்காலத்தில் என்னிடம் வந்து "அரசியல் நமக்கெதுக்கு டீச்சர்" என்று சொன்னதில்லை.

இனம் சார்ந்த கேள்விகளுக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியதே அதுதான். அரசியலமைப்பின் 153ஆவது பிரிவு என்ற சொல்லைக் கேட்டதும் வகுப்பில் ஓர் அமைதி விழும். மலாய்ப் பிள்ளை தன் உரிமை பறிபோகப் போகிறதோ என்று அஞ்சும்; நம் பிள்ளை தனக்கு இந்த நாட்டில் எதுவும் இல்லை என்று மனம் கசக்கும். இரண்டு பிள்ளைகளில் ஒன்றுகூட அந்தப் பிரிவைப் படித்திருக்காது. மலாய்க்காரர், சபா சரவாக் பூர்வகுடியினர் ஆகியோரின் சிறப்பு நிலையோடு, மற்ற சமூகங்களின் நியாயமான நலன்களையும் காக்கும் பொறுப்பு மாமன்னருக்கு உண்டு என்று அதே வாக்கியத்தில் எழுதியிருக்கிறது. மலாய் தேசிய மொழி என்று சொல்லும் 152ஆவது பிரிவே, பிற மொழிகளைக் கற்பதற்கோ கற்பிப்பதற்கோ தடையில்லை என்றும் சொல்கிறது. தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தொடுக்கப்பட்ட வழக்கை 2021 டிசம்பர் 29 அன்று கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்ததையும், 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்ததையும் தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த எத்தனை பிள்ளைகள் அறிவார்கள்? தம் பள்ளி ஒருவர் போட்ட பிச்சையன்று, சட்டத்தின் காப்பில் நிற்பது என்ற தெளிவு ஒரு பதின்ம வயதுப் பிள்ளையின் முதுகை நிமிர்த்தும்.

இவை பேசவே கூடாத விஷயங்கள் என்று சொல்வோர் உண்டு. 1969 மே 13 இனக்கலவரத்துக்குப் பிறகு, 1971இல், குடியுரிமை, தேசிய மொழி, சிறப்பு நிலை, ஆட்சியாளர்களின் இறையாண்மை ஆகியவற்றைக் கேள்விக்குட்படுத்துவதைத் தடை செய்யும் அதிகாரம் அரசியலமைப்பின் 10(4)ஆவது பிரிவின்வழி நாடாளுமன்றத்துக்குக் கொடுக்கப்பட்டது உண்மை. ஆனால் அதே பிரிவு, அவற்றின் நடைமுறையைப் பற்றிப் பேச இடம் விட்டிருக்கிறது. என்ன எழுதியிருக்கிறது என்று வாசிப்பதும், எப்படி நடைமுறைப்படுத்தப்படுகிறது என்று கேட்பதும் குற்றமல்ல. நாம் வகுப்பறையில் மௌனம் காத்தால் வேறு யாராவது அந்த இடத்தில் பேசுவார்கள். 2022 தேர்தல் முடிந்த சில நாள்களிலேயே மே 13 கலவரத்தை நினைவூட்டி மிரட்டும் காணொளிகள் டிக்டாக்கில் பரவி, காவல்துறை எச்சரிக்கை விடும் நிலை வந்தது. தம் தாத்தா காலத்துக் கலவரத்தைப் பிள்ளைகள் அந்தக் காணொளிகளில்தான் முதன்முதலில் விவரமாகக் கேள்விப்பட்டார்கள் என்பதை ஒரு வரலாற்று ஆசிரியையாக நான் பெருந்துயரத்தோடு சொல்கிறேன்.

நம் சமூகத்துக்கு இதில் தனிப்பட்ட அக்கறை இருக்க வேண்டும். இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இந்த நாட்டில் இல்லை. நம் பிள்ளை எந்தத் தொகுதியில் எதைக் கேட்டாலும், மற்ற இனத்தாரையும் சம்மதிக்க வைத்துத்தான் பெற முடியும். அது பலவீனம் என்று நான் கருதவில்லை. 2018இல் கோலாலம்பூரின் 'பத்து' (Batu) என்ற நாடாளுமன்றத் தொகுதியில் 22 வயதுச் சட்டக்கல்லூரி மாணவராக இருந்த பி. பிரபாகரன், மூவினமும் கலந்த வாக்காளர்களின் ஆதரவோடு நாட்டின் மிக இளைய நாடாளுமன்ற உறுப்பினரானார். ஆனால் நம் இயக்கங்கள் இளைஞரை எதற்கு அழைக்கின்றன? நாற்காலி அடுக்கவும், தலைவர் வரும்போது மாலையோடு நிற்கவும் அழைக்கின்றன. 2007 நவம்பர் 25 அன்று ஹிண்ட்ராஃப் பேரணிக்காகக் கோலாலம்பூர் வீதிகளில் ஆயிரக்கணக்கான நம் மக்கள் திரண்டதை நினைத்துப் பெருமைப்படுகிறோம். அந்த உணர்வு சட்ட அறிவாகவும் கொள்கைப் பேச்சாகவும் அடுத்த தலைமுறைக்குக் கைமாறியதா என்று நாம் கேட்டுக்கொள்வதில்லை.

பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு கற்றுக்கொள்ளட்டும் என்பது ஒரு வாதம். 1974இல் பாலிங் வட்டார விவசாயிகளின் வறுமைக்காக மாணவர்கள் நடத்திய ஆர்ப்பாட்டங்களுக்குப் பின் 1975இல் பல்கலைக்கழகச் சட்டம் இறுக்கப்பட்டு, ஒரு தலைமுறை மாணவர்கள் கட்சி அரசியலிலிருந்து முற்றாக விலக்கிவைக்கப்பட்டார்கள். 2010இல் உலு சிலாங்கூர் இடைத்தேர்தல் களத்துக்குச் சென்றதற்காக ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான நால்வரும் அரசியல் அறிவியல் படித்தவர்கள் என்பதை நினைத்தால் இன்றும் வேதனையாக இருக்கிறது. அந்தச் சட்டப் பிரிவு செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது; 2012, 2018 திருத்தங்கள் கதவைத் திறந்தன. நல்லது. ஆனால் பல்கலைக்கழகத்துக்குப் போகாத பிள்ளைக்கும் 18 வயதாகிறது.

கல்வி அமைச்சிடம் நான் கேட்பது புதிய பாடநூலை அல்ல. நான்காம், ஐந்தாம் படிவங்களில், எல்லா இன மாணவர்களும் ஒன்றாக அமரும் வரலாற்று நேரத்தில், வாரம் ஒரு பாடவேளையை நடப்பு ஆட்சிமுறை விவாதத்துக்கு ஒதுக்க வேண்டும். ஆசிரியர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று எழுத்துப்பூர்வமான வழிகாட்டியும் காப்பும் தர வேண்டும். மேற்கு ஜெர்மனியில் 1976இல் பாய்ட்டெல்ஸ்பாக் என்ற ஊரில் கூடிய கல்வியாளர்கள் இப்படியொரு இணக்கத்துக்கு வந்தார்கள்: மாணவர் மீது ஆசிரியர் தம் கருத்தைத் திணிக்கக்கூடாது, சமூகத்தில் கருத்து மோதல் உள்ள விஷயத்தை வகுப்பிலும் மோதல் உள்ளதாகவே காட்ட வேண்டும், மாணவர் தம் நிலையிலிருந்து அரசியல் சூழலை ஆராயக் கற்க வேண்டும். நம் மண்ணுக்கு ஏற்பத் திருத்தி இதை ஏற்பதில் என்ன தடை என்று எனக்குத் தெரியவில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இந்தக் கோரிக்கையைத் தத்தம் பள்ளி முதல்வரிடம் எழுத்தில் வைக்கலாம். நம் கோயில் மண்டபங்களும் இளைஞர் மன்றங்களும் அதுவரை காத்திராமல், 17 வயதுப் பிள்ளைகளை அழைத்து, அடையாள அட்டை முகவரியைச் சரிபார்ப்பதிலிருந்து தொடங்கி, அரசியலமைப்பின் மொழி, கல்வி, சமத்துவம் பற்றிய பிரிவுகளை ஒன்றாக வாசிக்கலாம். அக்கம்பக்கத்து மலாய், சீனப் பிள்ளைகளையும் அழைத்தால் மிக நல்லது.

நடப்பு நாடாளுமன்றம் 2022 டிசம்பர் 19 அன்று கூடியது; ஆகவே 16ஆவது பொதுத்தேர்தல் பிந்தினாலும் 2028 தொடக்கத்துக்குள் நடந்தாக வேண்டும். அதில் முதன்முறை வாக்களிக்கப் போகிறவர்களில் பலர் பள்ளிச் சீருடையை அண்மையில்தான் கழற்றியிருப்பார்கள். சிலர் இன்னும் கழற்றியிருக்கவும் மாட்டார்கள். அமைச்சின் சுற்றறிக்கை ஒன்று அதற்கு முன்பே பள்ளிகளுக்குப் போய்ச்சேர வேண்டும் என்பதே தங்கள் நாளேட்டின் வழியாக நான் முன்வைக்கும் வேண்டுகோள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
பேரா